சேம்பர் எங்கே இருக்கிறது? வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் திறப்புகள்

அடைப்பு என்று கூப்பிட்டதும் வருகிற பிளம்பர் கேட்கும் முதல் கேள்வி, "சேம்பர் எங்கங்க இருக்குது?" என்பதுதான். பதில் தெரிந்த வீட்டில் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். "போர்டிகோ டைல்ஸுக்கு அடியில எங்கியோ இருக்கோணுமுங்க" என்று பதில் வருகிற வீட்டில், அடுத்து வருவது உடைப்பு மெஷின். இரண்டு வீட்டிலும் குழாய் ஒன்றுதான், அடைப்பும் ஒன்றுதான். திறப்பு இருக்கிறதா, அது எங்கே இருக்கிறது என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது.

கழிவுநீர்க் குழாய்க்குள் பார்க்கவும், கம்பி விடவும், தண்ணீர் அடித்துக் கழுவவும் ஆங்காங்கே விடப்படும் வாய்களைத்தான் திறப்பு என்கிறோம். குளியலறைத் தரையில் இருக்கும் ஜாலி, சுவரோரம் இறங்கும் டவுன் பைப்பில் இருக்கும் கதவு, மண்ணுக்குள்ளிருந்து மேலே வந்து மூடி போட்டு நிற்கும் குழாய், வீட்டுக்கு வெளியே குழிக்குள் ஜாலி போட்டு இருக்கும் கல்லி டிராப், மண்ணுக்குள் கட்டி மூடி போட்ட பெட்டியான சேம்பர், தெருவிலிருக்கும் மேன்ஹோல் எல்லாம் இந்த இனம்தான்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் புரிந்துகொள்வோம். டாய்லெட் கழிவு 110 மி.மீ. குழாயில் போகிறது, பிளம்பர் வாயில் அது 'நாலு இன்ச் லைன்'. குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடத்துத் தண்ணீர் பெரும்பாலும் 75 மி.மீ. குழாயில் வருகிறது. இந்தத் தண்ணீர் தரை ஜாலிக்கு அடியிலுள்ள வளைவான நானி டிராப் வழியாக வெளியே வந்து, கல்லி டிராப்பில் விழுந்து, பிறகுதான் சேம்பருக்குள் போகவேண்டும். டாய்லெட் பேசினுக்கு அதன் சொந்த வளைவிலேயே தண்ணீர் நிற்பதால், அந்த லைன் கல்லி டிராப்பைத் தொடாமல் நேராகச் சேம்பருக்குப் போகும். சேம்பர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து, செப்டிக் டேங்கிலோ தெருவின் பாதாள சாக்கடையிலோ முடியும். கோவை நகருக்குள் பாதாள சாக்கடை இணைப்புள்ள வீட்டின் கழிவு உக்கடம், ஒண்டிப்புதூர், நஞ்சுண்டாபுரம் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. இணைப்பு வராத ஊர்களில் செப்டிக் டேங்கோடு கதை முடிகிறது.

டிராப் என்கிற வளைவில் ஏறக்குறைய 2 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கவேண்டும். சாக்கடை வாயுவையும் கரப்பானையும் வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். விருந்தாளி அறையின் குளியலறையில் திடீரென நாற்றம் வருகிறதென்றால், பலநாள் புழங்காமல் டிராப் காய்ந்திருக்கும். இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிளம்பர் தேவையில்லை.

திறப்புகளை எங்கே வைக்கவேண்டும்

நேரான, நல்ல வாட்டமுள்ள (சரிவுள்ள) குழாய் அவ்வளவு எளிதில் அடைக்காது. குழாய் திரும்பும் இடம், இரண்டு லைன் சேரும் இடம், வாட்டம் மாறும் இடம் ஆகிய மூன்றில்தான் கழிவு தங்கும். ஆகவே அந்த மூன்றிலும் திறப்பு கட்டாயம். நேராகவே போனாலும் 30 முதல் 50 அடிக்குள் ஒன்று இருக்கட்டும். அதற்கு மேல் தூரம் போனால் கம்பி வளைந்து வலுவிழந்துவிடும். தள்ளுகிற தள்ளு அடைப்பு வரை போய்ச் சேராது.

கொங்கு நாட்டு வீடுகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாஸ்து பார்த்துக் கட்டுகிறவர்கள் சமையலறையைத் தென்கிழக்கில் அக்னி மூலையிலும், செப்டிக் டேங்கை வடமேற்கில் வாயு மூலையிலும் வைக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர் மூலை. ஆக, வீட்டிலேயே அதிக எண்ணெய்ப் பிசுக்கு வரும் இடத்திலிருந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, மிக நீளமான லைன் போகிறது. 30 அடிக்கு 40 அடி வீடு என்றால் அந்த லைன் 70 அடி. நடுவில் ஒரு மூலைத் திருப்பம் நிச்சயம். வாஸ்துவை மாற்றச் சொல்லவில்லை. அப்படிக் கட்டினால் கணக்கை முன்கூட்டியே போட்டாகவேண்டும்.

கணக்கு இதுதான். 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் நல்லது. இடமில்லாவிட்டால் 60-க்கு 1 வரை இறங்கலாம். 40-க்கு 1 என்றால் 10 அடிக்கு 3 அங்குலம், 60-க்கு 1 என்றால் 10 அடிக்கு 2 அங்குலம். 70 அடிக்கு முறையே 21 அங்குலமும் 14 அங்குலமும் வரும். சமையலறைப் பக்கம் 1 அடி ஆழத்தில் குழாய் தொடங்கினால், டேங்க் வாயில் அது 2 அடி 9 அங்குல ஆழத்திலாவது, குறைந்தது 2 அடி 2 அங்குல ஆழத்திலாவது இருக்கவேண்டும். நடைமுறையில் நடப்பது என்னவென்றால், டேங்கை முதலில் கட்டி, இன்லெட் ஓட்டையை 1½ அடியில் விட்டுவிடுகிறார்கள். பிறகு குழாய் பதிக்க வரும்போது வாட்டம் கொடுக்க இடமே இருக்காது. அந்த வீட்டில் வாழ்நாளெல்லாம் அடைப்புதான். டேங்க் தோண்டுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து இன்லெட் மட்டத்தைச் சுவரில் குறித்துவிடுங்கள்.

இந்த 70 அடி லைனுக்கு நான்கு சேம்பர் வேண்டும்: சமையலறைக் கல்லி டிராப்பை ஒட்டி ஒன்று, மூலைத் திருப்பத்தில் ஒன்று, குளியலறை லைன் வந்து சேரும் இடத்தில் ஒன்று, டேங்குக்கு முன்னால் ஒன்று. கடைசிச் சேம்பரைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள். அடைப்பு லைனிலா டேங்கிலா என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான்.

சேம்பர் கட்டும் முறை

சேம்பர் என்பது மண்ணுக்குள் கட்டிய சின்னப் பெட்டி. 2 அடி ஆழம் வரை உள்ளளவு 1½ அடிக்கு 1½ அடி, 3 அடி ஆழம் வரை 2 அடிக்கு 2 அடி, அதற்கு மேல் 2 அடிக்கு 3 அடி என்று வைத்தால் கை வைத்து வேலை செய்ய இடமிருக்கும். அடியில் 4 அங்குலம் காங்கிரீட், சுற்றிலும் செங்கல் சுவர், உட்புறம் 1:3 சிமெண்டு மணல் கலவையில் வழுவழுப்பான பூச்சு.

இதில் மேஸ்திரிகள் அதிகம் கோட்டை விடுவது அடித்தளத்தில். தட்டையாகப் பூசிவிட்டாலோ, வெளிக்குழாயை விடக் கீழே பள்ளம் விட்டாலோ அங்கே மலம் தங்கிக் காய்ந்து கட்டியாகும். மழைநீர்ச் சேம்பருக்குத்தான் மண் தங்கப் பள்ளம் வேண்டும். கழிவுநீர்ச் சேம்பரில் பள்ளமே கூடாது. உள்ளே வரும் குழாயிலிருந்து வெளியே போகும் குழாய் வரை அரைவட்ட வாய்க்காலாகப் பிடித்து, இரு பக்கமும் வாய்க்காலை நோக்கிச் சரித்துப் பூசவேண்டும். பழைய 110 மி.மீ. குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்து அடியில் பதித்தால் வாய்க்கால் அச்சாக அமையும். வரும் குழாயின் அடிமட்டம், போகும் குழாயை விட 1 அங்குலம் மேலே இருக்கட்டும். பக்கத்திலிருந்து சேரும் லைன், ஓட்டத்தின் திசையிலேயே சாய்ந்து சேரவேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு லைன் மோதினால், ஒன்றின் கழிவு மற்றொன்றின் வாய்க்குள் ஏறிப் படியும்.

ரெடிமேடு பிவிசி சேம்பர்களில் வாய்க்கால் வார்ப்பிலேயே இருக்கிறது. பக்கச் சந்து 3 அடிதான் என்கிற மனைகளுக்கு இவை நல்ல தீர்வு. ஆனால் அதன்மேல் வண்டி ஏறும் இடமென்றால் மூடியின் பாரம் சேம்பர் மேல் விழாமல், சுற்றிலும் போட்ட காங்கிரீட் மேல் விழும்படி செய்யவேண்டும்.

மூடிக்குத் தர அளவுகள் உண்டு. ஐ.எஸ். 12592 என்கிற இந்தியத் தரப்படி எல்.டி. (லைட் டியூட்டி) 2.5 டன், எம்.டி. (மீடியம்) 10 டன், ஹெச்.டி. (ஹெவி) 20 டன் தாங்கும். நடைபாதைக்கு எல்.டி. போதும்; கார் ஏறும் போர்டிகோவுக்கு எம்.டி. போடுங்கள். வாசலில் கோலம் போடும் இடம், அழகு கெடுகிறது என்பதற்காகச் சேம்பரை டைல்ஸ் போட்டு மூடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் ஆகப் பெரிய தவறு. அதற்கென்றே தட்டுப்போல் குழிந்த மூடி கடைகளில் கிடைக்கிறது. அந்தக் குழிவுக்குள் அதே டைல்ஸைப் பதித்துவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. வேண்டும்போது கொக்கி போட்டுத் தூக்கலாம். மூடியும் சட்டமும் சேரும் பள்ளத்தில் கிரீஸ் தடவினால் நாற்றமும் வராது, துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

மற்ற திறப்புகள்

டவுன் பைப்பில் இருப்பது டோர் பெண்ட், டோர் டீ. வளைவின் முதுகில் ரப்பர் வாஷரோடு ஒரு கதவு. அதை நான்கு ஸ்க்ரூ பிடித்திருக்கும். ஒவ்வொரு மாடியிலும் லைன் சேரும் இடத்திலும், குழாய் தரைக்கு இறங்கித் திரும்பும் அடிக்காலிலும் இது வேண்டும். கதவு சுவரைப் பார்த்து இருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். எதிரே 1 அடியாவது இடம் இருக்கவேண்டும்.

அடைத்திருக்கும்போது இந்தக் கதவைத் திறப்பது கவனமாகச் செய்யவேண்டிய வேலை. ஒரு மாடி உயரத்துக்கு, அதாவது 10 அடிக்கு நாலு இன்ச் குழாய் நிரம்பி நின்றால் உள்ளே 25 லிட்டர் கழிவு இருக்கிறது. ஸ்க்ரூ நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் அத்தனையும் மேலே கொட்டும். மாடியில் யாரும் தண்ணீர் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கீழே பக்கெட் வைத்து, அடிப்பக்க ஸ்க்ரூ இரண்டை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கசிந்து வடியட்டும். சத்தம் நின்ற பிறகு முழுதும் கழற்றலாம். மூடும்போது வாஷரைத் துடைத்துப் போட்டு, எதிரெதிர் ஸ்க்ரூவாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்க்ரூ மரையில் கிரீஸ் வைத்தால் அடுத்த முறை உடையாமல் வரும்.

சேம்பர் கட்ட இடமே இல்லாத நேர் ஓட்டத்தில், லைனில் 45 டிகிரி ஒய் துண்டு போட்டு, அதிலிருந்து ஒரு குழாயைத் தரைமட்டம் வரை ஏற்றி, மரை மூடி போடுவது கிளீன் அவுட். ஒய்யின் சாய்வு ஓட்டத்தின் திசையில் கம்பியை இறக்கும்படி இருக்கவேண்டும். சாதாரண டீ போட்டால் கம்பி எதிர்ச்சுவரில் முட்டி, எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கல்லி டிராப் வீட்டுக்கு வெளியே, 1 அடிக் குழிக்குள் ஜாலி போட்டு இருக்கும். சாதம், முடி, மெஷினில் துவைத்த துணியின் பஞ்சு எல்லாம் இங்கேதான் தேங்கும். மாதம் ஒருமுறை கையுறை போட்டு வழித்து எடுத்தால், பின்னாலிருக்கும் லைன் பல வருடம் தப்பிக்கும்.

தெருவிலுள்ள மேன்ஹோல் மாநகராட்சி, நகராட்சியின் பொறுப்பு. வீட்டுக்காரர் அதன் மூடியைத் தொடவே கூடாது.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

டேங்கிலிருந்து, அல்லது தெருவிலிருந்து, மேல்நோக்கி ஒவ்வொரு சேம்பராகத் திறந்து பாருங்கள். ஒரு சேம்பர் நிரம்பி நிற்கிறது, அதற்கு அடுத்த கீழ்ச் சேம்பர் காலியாக இருக்கிறதென்றால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் டேங்க் நிறைந்திருக்கிறது, அல்லது தெரு லைனில் கோளாறு. எல்லாம் காலி, டாய்லெட்டில் மட்டும் தண்ணீர் ஏறுகிறதென்றால், பேசினின் வளைவிலோ முதல் சேம்பர் வரையுள்ள துண்டிலோ இருக்கிறது. இந்த மூன்று வரி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காலியாக இருக்கும் சேம்பரில் குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியும் என்பதால், அங்கிருந்து மேல்நோக்கி ராடு விடுவது சுலபம். ஆனால் அடைப்பு விட்டதும் தேங்கிய தண்ணீரெல்லாம் பாய்ந்து வரும். குழாய் வாய்க்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்கவேண்டும். மரை கொண்டு கோர்க்கும் ராடுகளை வலஞ்சுழியாக மட்டும் திருப்புங்கள். இடஞ்சுழியாகத் திருப்பினால் மரை கழன்று, ராடின் பாதி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். மூங்கில் பிளாச்சிலும் இதே ஆபத்து உண்டு. வளைவில் முறிந்து அதுவே புது அடைப்பாகும். கீழ்ச் சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பி ஜாலியை வைத்து, பிடுங்கி வரும் துணி, வேர், நாப்கின் எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை அடுத்த துண்டில் போய் அடைக்கும். கடைசியாக ஐந்தாறு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, கீழ்ச் சேம்பரில் அது தங்குதடையின்றி வருகிறதா என்று பாருங்கள். ஜெட் அடிக்கும் வண்டியும் கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கித்தான் வேலை செய்யும். அதன் முனை பின்னோக்கித் தண்ணீரைப் பீய்ச்சி, தானே முன்னேறி, கசடைத் தன்னோடு கீழே இழுத்து வரும்.

ஆசிட் ஊற்றாதீர்கள். துணி, வேர், நாப்கினை அது கரைக்காது. சேம்பரின் சிமெண்டுப் பூச்சைத்தான் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிறகு கதவைத் திறக்கும் பிளம்பரின் முகத்தில் தெறிப்பதும் அந்த ஆசிட்தான்.

நம் மண்ணும் நம் சமையலும்

பல்லடம், சூலூர், பொள்ளாச்சிப் பக்கத்துக் கரிசல் நிலங்களில் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். சேம்பர் ஒரு பக்கமும் குழாய் ஒரு பக்கமும் அசையும்போது, சேம்பர் சுவரை ஒட்டிக் குழாய் முறியும். சுவரிலிருந்து 2 அடிக்குள் சொல்யூஷன் வைத்து ஒட்டாமல் ரப்பர் ரிங் போட்ட இணைப்பு ஒன்று வைத்தால், அந்த அசைவை ரிங் வாங்கிக்கொள்ளும். பாறை நிலத்தில் சிக்கல் வேறு. "பாறை வந்துருச்சுங்க, இதுக்கு மேல தோண்ட முடியாது" என்று அந்த இடத்தில் மட்டும் குழாயை மேலே தூக்கிவிடுவார்கள். அந்த மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் நிரந்தரமாக நிற்கும். பாறையை உடைக்கவேண்டும், அல்லது வழியை மாற்றித் திரும்பும் இடத்தில் சேம்பர் வைக்கவேண்டும். எந்த மண்ணானாலும் குழாய்க்குக் கீழே 4 அங்குலம் மணலோ கிரஷர் பொடியோ பரப்புங்கள். கல்முனை மேல் குழாய் உட்காரக்கூடாது.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது போலவே குழாய்க்குள்ளும் உறைந்து ஒட்டும். போர்த் தண்ணியின் உப்பும் சோப்பும் சேர்ந்து அதன்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். குளிர்மாதங்களில் சமையலறை லைன் அடைப்பதற்கு இதுதான் காரணம். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுவது எந்த மருந்தையும் விடப் பலன் தரும். தென்னையும் அரசும் பக்கத்தில் இருந்தால், கசியும் ஜாயிண்டைத் தேடி வேர் உள்ளே வரும். அந்தத் துண்டின் இரு முனையிலும் சேம்பர் இருக்கட்டும்.

திருப்பூர், கோவையின் லைன் வீடுகளில் ஒரே குழாயை எட்டுப் பத்துக் குடும்பம் புழங்கும். அடைத்தால் கழிவு ஏறுவது, மட்டம் தாழ்ந்த கடைசி வீட்டில். துணியைப் போட்டது முதல் வீடாக இருக்கலாம். ஒவ்வொரு வீடும் சேரும் இடத்தில் சேம்பர் இருந்தால் எந்தத் துண்டு என்று உடனே தெரியும், சண்டையும் வராது. மொட்டைமாடி மழைநீரை இந்த லைனில் சேர்க்கவே கூடாது. ஐப்பசி மழையில் குழாய் தாங்காமல், கழிவு ஜாலி வழியாக வீட்டுக்குள் ஏறும்.

யாரும் உள்ளே இறங்கக்கூடாது

ஆழம் குறைந்த சேம்பரில் கை விட்டு வேலை செய்யலாம். செப்டிக் டேங்குக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ எந்த மனிதரும், எந்தக் காரணத்துக்காகவும், ஒரு நிமிடத்துக்குக்கூட இறங்கக்கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாத்தம் போயிருச்சு" என்பது அங்கே மரணத்துக்கு முந்தைய அறிகுறியாக இருக்கலாம். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கியவரும் சாவது அதனால்தான். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை இப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கழிவுநீர் ஊர்தியைக் கூப்பிடுங்கள்; உதவி எண் 14420.

டேங்கை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்கவேண்டும் என்பதால், அதன் ஒவ்வொரு அறைக்கும் மேலே தனி மூடி தேவை. ஒரே மூடி இருந்தால் அடுத்த அறையின் கசடு அப்படியே இருக்கும். எந்த மூடியைத் திறந்தாலும் அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம். மூடி திறந்திருக்கும் நேரமெல்லாம் குழந்தைகள் வராதபடி ஒருவர் காவல் நிற்கட்டும்.

வேலை முடிந்து மண் மூடுவதற்கு முன், ஒவ்வொரு வளைவையும் சேம்பரையும் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். காம்பவுண்டுச் சுவரிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை ஆழம் என்று ஒரு தாளில் படமாக வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இ.பி. மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கட்டும்.